திரையை வரைவது யார்?

கூடத்தில் சாய்வு நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவர் கையில் ரிமோட். எதிர் அலமாரியில் ஒரு சிறிய பெட்டி. அதன் முகப்பில் நீலமும் பச்சையும் கலந்த ஒளியில் இரண்டு வரி எழுத்து. அவர் கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்துகிறார். ஒரு பாடகரின் பெயர் மறைந்து அடுத்த பாடகரின் பெயர் வருகிறது. ஆண்டு 2005. பெட்டியின் பெயர் ஸ்குவீஸ்பாக்ஸ்2. கலிபோர்னியாவில் மவுண்டன் வியூ நகரில் இருந்த ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் செய்தது. வீட்டுக் கணினியில் சேர்த்து வைத்திருக்கும் பாடல்களை வைஃபை வழியாக வாங்கி, கூடத்து ஒலிபெருக்கியில் பாட வைப்பது அதன் வேலை.

இப்போது ஒரு கேள்வி. திரையில் வந்த புதிய பெயரை எழுதியது யார்?

பெட்டிதானே என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தப் பெட்டிக்கு எழுத்து என்றால் என்னவென்றே தெரியாது. அம்புக்குறியை அழுத்தியதும் ரிமோட்டிலிருந்து வந்த அகச்சிவப்புக் கதிரின் குறியெண்ணை அது அப்படியே வலையில் அனுப்பிவிடுகிறது. வீட்டின் வேறோர் அறையில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் ஒரு சர்வர் நிரல் அதை வாங்குகிறது. இந்தக் குறியெண் கீழம்பு; இவர் இப்போது பாடகர் பட்டியலில் இருக்கிறார்; ஆகவே அடுத்த பெயரைக் காட்ட வேண்டும் என்று அங்கே முடிவாகிறது. அந்தப் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளிகளாக அடுக்கி 320க்கு 32 என்ற அளவில் ஒரு படம் தயாராகிறது. புள்ளிக்கு 1 பிட் வீதம் மொத்தம் 10,240 புள்ளி. அதாவது 1,280 பைட். அந்தச் சின்னப் படம் வைஃபையில் திரும்பி வந்து பெட்டியின் திரையில் ஒட்டிக்கொள்கிறது. பெயர் நீளமாக இருந்து வரி ஓட வேண்டுமானால், ஓட்டத்தின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு புதிய படம். நொடிக்கு 20 படம் அனுப்பினாலும் 25,600 பைட்தான். அந்தக் காலத்து வைஃபைக்கே அது ஒரு சுமையில்லை.

சுருக்கமாகச் சொன்னால், பெட்டி ஒரு கண்ணாடி. வரைந்ததெல்லாம் வேறிடத்தில் நடந்தது.

ஷான் ஆடம்ஸ் என்ற இளைஞர் தொடங்கிய இந்த நிறுவனம் 2001இல் வெளியிட்ட ஸ்லிம்பித்ரீ என்ற முதல் கருவியிலிருந்தே இதுதான் ஏற்பாடு. அதன் திரையில் வரிக்கு 40 எழுத்து வீதம் இரண்டே வரி. வலைக்கம்பி இல்லாமல் வேலை செய்யாது. ஆனால் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்த யோசனை மிக நேர்த்தியானது என்றே நான் நினைக்கிறேன். பெட்டிக்குள் மூளை குறைவாக இருந்தால் விலை குறையும், பழுது குறையும். மூளை முழுவதும் சர்வர் நிரலில். அந்த நிரல் பெர்ல் மொழியில் எழுதப்பட்டு, ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின் கீழ், யாரும் படிக்கவும் மாற்றவும் திறந்து வைக்கப்பட்டிருந்தது. யாரோ ஒருவர் அதில் புதிதாக ஒரு வசதியைச் சேர்த்தால், உலகில் எந்த வீட்டு அலமாரியிலும் இருக்கும் பழைய பெட்டி அன்றைக்கே அந்த வசதியைக் காட்டும். பெட்டியைத் தொடவே வேண்டாம். ஒரு மின்னணுக் கருவி வாங்கிய நாளைவிட மூன்றாம் ஆண்டில் மேம்பட்டதாக இருப்பது அபூர்வம். இவை அப்படி இருந்தன.

பிறகு ஏன் இதைக் கைவிட நேர்ந்தது?

எளிய பெருக்கல் கணக்கு ஒன்று காரணத்தைச் சொல்லிவிடும். 2006 அக்டோபரில் ஸ்லிம் டிவைசஸை 2 கோடி டாலருக்கு லாஜிடெக் வாங்கியது. 2008இல் ஸ்குவீஸ்பாக்ஸ் டூயெட் வந்தது. அதன் சிறப்பே அதனுடன் வந்த கன்ட்ரோலர் என்ற கைக்கருவிதான். ரிமோட்டுக்கே வண்ணத் திரை: 2.4 அங்குலம், 240க்கு 320 புள்ளிகள், கீழே சுழற்றுவதற்கு ஒரு சக்கரம். பாடலின் பெயர் மட்டுமல்ல, இசைத்தட்டின் அட்டைப்படமும் உள்ளங்கையில் தெரியும். புள்ளிக்கு 2 பைட் என்று கொண்டால் ஒரு முழுத் திரைக்கு 1,53,600 பைட். பழைய பெட்டியின் 1,280 பைட்டைப் போல இது சரியாக 120 மடங்கு. சக்கரத்தைச் சுழற்றச் சுழற்றப் பட்டியல் விரல் நுனியோடு சேர்ந்து நகர வேண்டும். நொடிக்குப் பல முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை லட்சம் பைட், மின்கலத்தில் ஓடும் ஒரு கைக்கருவிக்கு வைஃபை வழியாக அனுப்புவது என்பது நடக்கிற காரியமில்லை. சர்வரிலிருந்து படமாக வாங்கும் முறை அந்தத் திரையின் முன் நின்றுவிட்டது.

ஆக, வரையும் வேலை கருவிக்குள் வந்தாக வேண்டும். இதுவரை எழுத்தே தெரியாமல் இருந்த கருவிக்கு எழுதவும், பட்டியல் போடவும், படம் காட்டவும், விரல் அசைவைப் புரிந்துகொள்ளவும் கற்றுக்கொடுக்க வேண்டும். இந்தப் படிப்பு முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருவதற்குப் பெயர்தான் இடைமுகக் கருவித்தொகுப்பு. நிரலாளர்கள் பேச்சில் டூல்கிட்.

டூல்கிட்டுக்குள் என்ன இருக்கும்? நாம் திரையில் பார்ப்பவை பெரும்பாலும் சில அடிப்படை உருப்படிகளின் கூட்டு: ஒரு தலைப்பு, ஒரு பட்டியல், ஒரு சின்னம், இழுத்து நகர்த்தும் பட்டை, எழுத்து உள்ளிடும் கட்டம். இவற்றை விட்ஜெட் என்பார்கள். ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் தன்னை எப்படி வரைந்துகொள்வது, தன் மேல் விரல் பட்டால் என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். இவற்றுக்கெல்லாம் அடியில் ஓயாமல் சுற்றும் ஒரு வளையம் இருக்கும். ஏதாவது நடந்ததா என்று பார்; நடந்திருந்தால் உரிய விட்ஜெட்டிடம் சொல்; அதனால் திரையில் எது மாறியதோ அதை மட்டும் மீண்டும் வரை; மறுபடி முதலிலிருந்து. நம் கைப்பேசியிலும், ரயில் நிலையத்தில் டிக்கெட் தரும் இயந்திரத்திலும், மருத்துவமனையில் இதயத் துடிப்பைக் காட்டும் கருவியிலும் இந்த வளையம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதில் 'மாறியதை மட்டும்' என்ற சொல் முக்கியம். பாடல் ஓடும்போது திரையின் மூலையில் நிமிடமும் விநாடியும் காட்டும் எண் ஒவ்வொரு நொடியும் மாறுகிறது. அதற்காக அட்டைப்படத்தையும் தலைப்பையும் பின்னணியையும் திரும்பத் திரும்ப வரைந்தால் செயலி களைத்துப்போகும், மின்கலம் தீர்ந்துபோகும். நல்ல டூல்கிட் அந்த எண் இருக்கும் சிறு செவ்வகத்தை மட்டும் அழுக்கானது என்று குறித்துக்கொண்டு அதை மட்டும் துடைத்து எழுதும். வீடு முழுவதும் வெள்ளையடிக்காமல் கறை பட்ட இடத்தை மட்டும் துடைப்பது போல.

இப்படி ஒன்று வேண்டும் என்று முடிவான நிறுவனத்துக்கு முன் மூன்று வழிகள் இருக்கும். எல்லாவற்றையும் சொந்தமாக எழுதலாம், வருடங்கள் ஆகும். காசு கொடுத்து வாங்கலாம். அப்போது விற்ற நிறுவனம் விலையை ஏற்றினாலும் கடையை மூடினாலும் நம் கருவி அதோடு கட்டுண்டு நிற்கும். திறந்த மூலத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அதிலும் உரிமத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். உதாரணமாக, நார்வேயில் பிறந்த கியூட்டி என்ற புகழ்பெற்ற டூல்கிட் அப்போது ஜிபிஎல் உரிமத்திலோ, கட்டணம் செலுத்தும் வணிக உரிமத்திலோ மட்டுமே கிடைத்தது. மூடிய நிரலோடும் இணைத்து விற்பதற்கு இடம்தரும் எல்ஜிபிஎல் உரிமம் அதற்கு 2009இல்தான், நோக்கியா அதை வாங்கிய பிறகு, வந்தது.

கன்ட்ரோலரில் அமைந்த ஏற்பாடு வேறு மாதிரி. அதை அடுக்கடுக்காகப் பார்த்தால்தான் அழகு தெரியும்.

அடித்தளம் லினக்ஸ் இயங்குதளம். அதன் மேல் எஸ்டிஎல் என்ற நிரல் நூலகம். சாம் லான்டிங்கா என்பவர் 1998இல் தொடங்கியது. கணினி விளையாட்டுகள் பல இயங்குதளங்களிலும் ஓட வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. திரையில் புள்ளிகளைப் போடுவது, விசை அழுத்தத்தைத் தெரிவிப்பது, ஒலியை அனுப்புவது போன்ற வேலைகளை அது பார்த்துக்கொள்ளும். பட்டியல், பொத்தான் எல்லாம் அதற்குத் தெரியாது. அதற்கு மேலே, சி மொழியில் எழுதிய ஒரு மெல்லிய உள்ளகம். அதற்கும் மேலே, விட்ஜெட்டுகளும் மெனுக்களும் அமைப்புப் பக்கங்களும் லூவா என்ற மொழியில்.

லூவாவைப் பற்றி ஒரு நிமிடம் நின்று சொல்ல ஆசை. கணினி மொழிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ பிறந்தவை. லூவா பிறந்தது பிரேசிலில், ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், 1993இல். ராபர்ட்டோ யெருசாலிம்ஸ்கி, லூயிஸ் என்றிக்கே டி ஃபிகெய்ரேதோ, வால்தெமார் செலஸ் என்ற மூவர் அதன் ஆசிரியர்கள். வெளிநாட்டுக் கணினிகளையும் மென்பொருளையும் எளிதில் வாங்க முடியாதபடி பிரேசிலில் வெகு காலம் இறக்குமதித் தடைகள் இருந்தன. பெட்ரோப்ராஸ் என்ற அரசு எண்ணெய் நிறுவனத்துக்குத் தேவையான கருவிகளை உள்ளூரிலேயே செய்துகொள்ள வேண்டிய நிலை. அந்தத் தேவையில் முளைத்த மொழி இது. முன்பு அவர்கள் செய்திருந்த மொழிக்கு சோல் என்று பெயர்; போர்த்துகீசிய மொழியில் சூரியன். அதனால் அடுத்ததற்கு லூவா, நிலா. சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும் அந்தச் சின்ன மொழி, மின்சாரமும் நினைவகமும் குறைந்த கருவிகளுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. எண்ணெய்க் கிணறு தேடியவர்களுக்காகச் செய்த மொழி பதினைந்து ஆண்டு கழித்து வேறொரு கண்டத்தில் பாடல் பட்டியலை நகர்த்தியது. மூலத்தைத் திறந்து வைத்ததால் நடந்தது இது. இல்லாவிட்டால் அந்த இரண்டு கூட்டத்தாரும் சந்தித்திருக்க வழியே இல்லை.

எஸ்டிஎல்லும் லூவாவும் சேர்ந்த இந்தக் கட்டமைப்புக்கு உள்ளே ஜைவ் என்று பெயர். அதன் மேல் ஓடிய முழு நிரல் ஸ்குவீஸ்பிளே. அதன் மூலநிரலும் வெளியிடப்பட்டது. கருவியின் அமைப்புப் பக்கத்திலேயே தொலைவிலிருந்து உள்நுழைய ஒரு தேர்வு வைத்திருந்தார்கள். பெட்டியை வாங்கியவர் அதன் உள்ளே போய், லூவா கோப்பைத் திறந்து, ஒரு வரியை மாற்றி, என்ன ஆகிறது என்று பார்க்கலாம். எஸ்டிஎல் எல்லா இயங்குதளத்திலும் ஓடும் என்பதால் அதே ஸ்குவீஸ்பிளே விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளிலும் ஒரு சாளரமாக ஓடியது. கருவியே இல்லாதவர்கூட அதற்கு நிரல் எழுதிச் சோதித்துப் பார்க்க முடிந்தது. மூடிய டூல்கிட்டில் இது கனவு.

இனி உள்ளே ஒரு விட்ஜெட்டை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பட்டியல் விட்ஜெட்.

ஒருவர் வீட்டில் 20,000 பாடல்கள் இருக்கின்றன. பட்டியலில் 20,000 வரி. ஒவ்வொரு வரிக்கும் ஒரு விட்ஜெட் என்று செய்தால் கன்ட்ரோலரின் நினைவகம் நிரம்பி வழியும். அங்கே நடப்பது வேறு. கல்யாண மண்டபத்துப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட வந்தவர்கள் அறுநூறு பேர். பந்தியில் நாற்காலி அறுபதுதான். ஒரு பந்தி எழுந்ததும் அதே நாற்காலியில் அடுத்த ஆள் வந்து உட்காருகிறார். ஜைவ் பட்டியலிலும் திரையில் ஒரே நேரத்தில் தெரியக்கூடிய வரிகளுக்கு மட்டும்தான் விட்ஜெட். சக்கரம் ஒரு படி சுற்றியதும் அதே விட்ஜெட்டுகளில் அடுத்த பெயர்கள் வந்து உட்காருகின்றன. பெயர்களையும் மொத்தமாக வாங்குவதில்லை. பகுதி பகுதியாக, தேவைப்படும்போது சர்வரிடமிருந்து. சக்கரத்தை வேகமாகச் சுழற்றினால் பட்டியல் தாவித் தாவி ஓடும், இப்போது எந்த எழுத்தில் இருக்கிறோம் என்பது திரையில் பெரிதாகத் தெரியும். நம்மவர்கள் பழைய டெலிபோன் டைரக்டரியைப் புரட்டிய விதமும் இதுதான்: முதலில் எழுத்து, பிறகு பெயர்.

விட்ஜெட் எப்படித் தெரிய வேண்டும் என்பது அதன் உள்ளே எழுதப்படவில்லை. வரியின் உயரம் எவ்வளவு, எழுத்து எத்தனை புள்ளி, ஓரத்தில் எவ்வளவு இடம், பின்னணி எந்தப் படம் என்பதெல்லாம் ஸ்கின் என்ற தனி அட்டவணையில். உடம்பு ஒன்று, உடை வேறு. இந்தப் பிரிவினையின் பலன் 2010இல் தெரிந்தது. அந்த ஆண்டு விற்பனைக்கு வந்த ஸ்குவீஸ்பாக்ஸ் டச் கருவிக்கு 480க்கு 272 புள்ளிகளில் 4.3 அங்குலத் தொடுதிரை; கூடவே தூரத்திலிருந்து இயக்க ஒரு ரிமோட். பக்கத்தில் நின்று விரலால் தொடுபவருக்குச் சிறிய எழுத்து போதும், ஒரே திரையில் நிறைய வரி வேண்டும். பத்தடி தள்ளி உட்கார்ந்து ரிமோட்டை அழுத்துபவருக்குப் பெரிய எழுத்து வேண்டும். ரிமோட்டிலிருந்து கதிர் வந்தால் பெரிய எழுத்து ஸ்கின், விரல் பட்டால் சிறிய எழுத்து ஸ்கின் என்று அந்தக் கருவி தானே மாற்றிக்கொண்டது. அடியில் அதே பட்டியல், அதே நிரல். தாத்தா கண்ணாடி இல்லாமல் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்து பெரிதாக எழுதிக் காட்டும் பேரனைப் போல அது நடந்துகொண்டது. இடைமுக வடிவமைப்பில் நான் கண்ட மிக அன்பான ஏற்பாடுகளில் இது ஒன்று.

ஆனால் வரையும் வேலை சர்வரிலிருந்து கருவிக்கு வந்த இந்த இடமாற்றத்தின் உயிர்நாடி என்று நான் கருதுவது திரையில் இல்லை, வலையில் இருக்கிறது. முன்பு சர்வர் பெட்டிக்கு அனுப்பியது படம். இப்போது அனுப்புவது விவரம். 'இது ஒரு பட்டியல், தலைப்பு பாடகர்கள், முதல் உருப்படி இது, அதைத் தேர்ந்தால் இந்தக் கட்டளையை எனக்கு அனுப்பு' என்று ஜேசன் என்ற வடிவத்தில் எழுத்தாக வருகிறது. எப்படி வரைவது என்பது கருவியின் பாடு. படம் ஒரே ஓர் அளவுத் திரைக்குத்தான் பொருந்தும். 320க்கு 32க்காக வரைந்ததை வேறெங்கும் காட்ட முடியாது. விவரம் எந்தத் திரையிலும் அமரும். கன்ட்ரோலரின் நெடுக்குத் திரையிலும், டச்சின் அகலத் திரையிலும், பின்னால் கைப்பேசிச் செயலிகளிலும் அதே விவரம் அந்தந்த அளவுக்கு விரிந்தது.

இழப்பும் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. பழைய பெட்டிகள் லட்சணமாக ஓடிக்கொண்டிருந்ததால் சர்வர் நிரல் இரண்டு இடைமுகங்களையும் தூக்கிச் சுமக்க வேண்டியிருந்தது: பழையவற்றுக்குப் படம், புதியவற்றுக்கு விவரம். லூவா போன்ற மொழிகள் பயன்படுத்தி முடித்த நினைவகத்தை அவ்வப்போது தாமே கூட்டிப் பெருக்கும். அப்படிப் பெருக்கும் நேரத்தில் பட்டியல் ஓட்டம் ஒரு கணம் தயங்கக்கூடும். இன்னோர் இழப்பு நமக்கு, தமிழ் எழுதுகிறவர்களுக்கு, நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

பொங்கல் என்று ஒரு பாடல் தொகுப்பின் பெயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணினியின் நினைவகத்தில் யூனிகோடு முறைப்படி அது ஏழு குறியீடுகள்: ப, ஒகரக் குறி, ங, புள்ளி, க, ல, புள்ளி. ஆனால் திரையில் எழுதும்போது ஒகரக் குறி இரண்டாகப் பிரிய வேண்டும். ஒற்றைக்கொம்பு பகரத்துக்கு முன்னால் போக வேண்டும், துணைக்கால் பின்னால் நிற்க வேண்டும். புள்ளி தனியாக இடம் பிடிக்காமல் எழுத்தின் தலைமேல் ஏற வேண்டும். சேமித்த வரிசை வேறு, எழுதும் வரிசை வேறு. நாம் ஒன்றாம் வகுப்பில் கற்றுக்கொண்டு மறந்தே போன இந்த இடமாற்றத்தை ஓர் இயந்திரத்துக்கு யாரோ கற்றுத்தர வேண்டும். அந்த வேலைக்கு எழுத்து வடிவமைப்பு என்று பெயர்.

எஸ்டிஎல்லோடு சேர்ந்து எழுத்துகளை வரையும் துணை நூலகத்துக்கு அந்தக் காலத்தில் இந்த வித்தை தெரியாது. ஒரு குறியீடு, ஓர் உருவம், இடமிருந்து வலம் என்று அடுக்கிக்கொண்டே போகும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் எழுத்துருவே இருந்தாலும் பகரம் முதலில் வந்து, அதற்கு வலப்பக்கம் கொம்பும் காலும் தமக்குச் சொந்தமான எழுத்தைத் தேடிக்கொண்டு தனியே நிற்கும். வாசிக்கத் தெரிந்தவர் எப்படியோ புரிந்துகொள்வார். படிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அது தப்பான பாடம். பழைய ஏற்பாட்டில் சர்வர் படமாக வரைந்து அனுப்பியதால், கொள்கையளவில், பெரிய கணினியின் எழுத்து வடிவமைப்புத் திறன் முழுவதையும் அந்தச் சின்னப் பெட்டி இரவல் வாங்கியிருக்க முடியும். வரைபவர் மாறியபோது அந்த வாய்ப்பு போனது.

இதற்கு மருந்து வந்ததும் திறந்த மூலத்திலிருந்துதான். ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் இந்திய எழுத்துகள், அரபி, இன்னும் பல எழுத்து முறைகளின் இடமாற்ற விதிகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. இன்றைய ஆண்ட்ராய்டிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் நீங்கள் படிக்கும் தமிழ் எழுத்துகளைப் பெரும்பாலும் வரிசைப்படுத்துவது இதுதான். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் இதன் முதன்மை ஆசிரியர். பெயர் பாரசீகம்: ஹர்ஃப் என்றால் எழுத்து, பாஸ் என்றால் திறந்த. எஸ்டிஎல்லின் எழுத்து நூலகத்தில் ஹார்ஃப்பஸ் 2022இல் வந்த பதிப்பில் சேர்ந்தது. தாமதம்தான். ஆனாலும் மூலம் திறந்திருந்ததால் ஒருநாள் சேர முடிந்தது. மூடிய டூல்கிட்டில் ஓடும் கருவிக்குத் தமிழ் வர வேண்டுமானால், அதை விற்றவருக்குத் தமிழர்கள் போதிய எண்ணிக்கையில் வாங்குவார்கள் என்ற நம்பிக்கை முதலில் வர வேண்டும்.

2012இல் லாஜிடெக் ஸ்குவீஸ்பாக்ஸ் வரிசையை நிறுத்தியது. இதுபோன்ற கருவிகளின் கதை வழக்கமாக அந்த வரியோடு முடிந்துவிடும்.

இது முடியவில்லை. அதற்கு முன்பே ஒரு சின்னச் சம்பவம் நடந்திருந்தது. பிரிட்டனில் ஓ2 என்ற தொலைபேசி நிறுவனம் 2009இல் ஜாக்லர் என்று ஒரு பெட்டியை விற்றது. குடும்ப நாள்காட்டியைச் சமையலறையில் காட்டுவதற்காகச் செய்தது; 7 அங்குலம், 800க்கு 480 புள்ளிகள் கொண்ட தொடுதிரை. ஆர்வலர்கள் அதில் லினக்ஸை ஏற்றி ஸ்குவீஸ்பிளேயை ஓட விட்டார்கள். திரை அளவு புதிது. அதனால் ஒருவர் அந்த அளவுக்கு ஒரு ஸ்கின் எழுதினார். அட்டவணையைத்தான் மாற்றினார், விட்ஜெட்டுகளைத் தொட வேண்டியிருக்கவில்லை.

வரிசை நின்றுபோன பிறகு ஒரு நிரலாளர் ஸ்குவீஸ்பிளேயிலிருந்து பாடும் பகுதியைக் கழற்றிவிட்டு, திரையை வரையும் பகுதியை மட்டும் தனியாக எடுத்து ஜைவ்லைட் என்று வெளியிட்டார். பாடும் வேலைக்கு ஸ்குவீஸ்லைட் என்று இன்னொரு சிறு நிரல். இரண்டும் ராஸ்பெரி பை என்ற சட்டைப்பை அளவுக் கணினியில் ஓடின. அந்தக் கணினிக்கு வந்த முதல் அதிகாரபூர்வ 7 அங்குலத் தொடுதிரையின் அளவு 800க்கு 480. ஜாக்லருக்காக எழுதிய ஸ்கின் அதில் அப்படியே பொருந்தியது. பைகோர்பிளேயர் என்ற இலவசத் தொகுப்பை ஒரு மெமரி கார்டில் எழுதிச் செருகினால் போதும், 2008இல் கன்ட்ரோலரில் சுழன்ற அதே பட்டியல் அங்கே விரலுக்குக் கீழே ஓடும்.

கழற்றி எடுக்க முடிந்ததற்குக் காரணம் அடுக்குகள் ஒட்டாமல் இருந்தது. திரை தனி, ஒலி தனி, உடை தனி, சர்வரிலிருந்து வரும் விவரம் தனி. நல்ல தச்சர் ஆணி அடிக்காமல் கொளுவி இணைத்த கட்டிலைப் பிரித்து வேறு வீட்டில் மீண்டும் பூட்டுவது போல. ஆனால் பிரிக்க அனுமதியும் வேண்டும். அதைத் தந்தது உரிமம். பொறியியல் மட்டும் நன்றாக இருந்து உரிமம் மூடியிருந்தால், ஜைவ் இன்று யாரோ ஒருவருடைய பழைய வன்தட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்.

2024இல் லாஜிடெக் இந்தக் கருவிகளுக்காக நடத்திவந்த இணையச் சேவையையும் மூடியது. அதே ஆண்டு சர்வர் நிரல் லிரியான் மியூசிக் சர்வர் என்று பெயர் மாற்றிக்கொண்டு தன்னார்வலர்கள் கையில் தொடர்ந்தது. 2005இல் 1,280 பைட் படத்தை வாங்கித் திரையில் ஒட்டிக்கொண்ட அந்தப் பழைய பெட்டிக்கும் அது இன்றும் படம் அனுப்புகிறது. பதினைந்தாண்டுக்கும் மேலான டச்சுக்கு விவரம் அனுப்புகிறது. இரண்டும் ஒரே வீட்டில் ஒரே பாடலை ஒரே நேரத்தில் பாடும்.

உங்கள் வீட்டு டிவியிலோ செட்டாப் பெட்டியிலோ அமைப்புகள் பகுதிக்குப் போனால், கடைசியில் யாரும் திறக்காத ஒரு பக்கம் இருக்கும்: திறந்த மூல உரிமங்கள். நீளமாக, சிறிய எழுத்தில், சலிப்பூட்டும் பக்கம்தான். ஒருமுறை திறந்து பாருங்கள். லினக்ஸ் என்ற பெயர் அநேகமாக இருக்கும். ஹார்ஃப்பஸ் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அந்தத் திரையில் பொங்கல் என்ற சொல்லின் கொம்பு சரியான இடத்தில் நிற்பதற்கு யார் காரணம் என்பது உங்களுக்குத் தெரியும்.